இரண்டு கோரமண்டல்களுக்கு நடுவே

கோலார் தங்கவயலின் சயனைடு மேட்டில் தொடங்கி, வறண்ட பாலாற்றோடு இறங்கி, கடற்கரை வழியாகத் தேரிக்காடு வரை ஒரு கார்ப் பயணம். வழியெல்லாம் மணல். அந்த மணல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. சோழமண்டலம் என்ற பெயர்தான் ஐரோப்பியர் நாவில் திரிந்து கோரமண்டல் ஆனது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். பழவேற்காட்டுப் பக்கம் உள்ள கரிமணல் என்ற ஊரின் பெயர்தான் அப்படி மாறியது என்று வாதிட்டவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது கடற்கரையின் பெயர். இந்த ஊரோ கர்நாடகத்தில், கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பெயரைக் கொண்டுவந்தது லண்டன் பணம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் சுரங்கங்களை நடத்த வந்த பிறகு, லண்டனில் பங்கு திரட்டி அடுத்தடுத்து கம்பெனிகள் முளைத்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க், பாலகாட் என்ற வரிசையில் ஒன்றுதான் கோரமண்டல். கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் தங்கிவிட்டது. உலகத்தின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. 1820இல் மரம் ஏற்றிப்போக வந்த 'கோரமண்டல்' என்ற பிரிட்டிஷ் கப்பலின் பெயரால் நியூசிலாந்தில் ஒரு தீபகற்பமே அழைக்கப்படுகிறது. அங்கேயும் 1852இல் தங்கம் கிடைத்தது.

தங்கவயல் கோரமண்டலிலிருந்து அசல் கோரமண்டல் கரைக்குக் காரில் போய், அங்கிருந்து தெற்கே, தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க ஒரே இடமான தேரிக்காடு வரை செல்வது என்பது திட்டம். ஏறக்குறைய 1,000 கி.மீ.; நான்கு நாள். ஆடிக் காற்று வீசும் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மணல் அசைவது அப்போதுதான் தெரியும்.

மனிதன் செய்த பாலைவனம்

பாலைவனத்தைப் பார்க்கத் தேரிக்காடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கவயலிலேயே தொடங்கிவிடுகிறது. தெருக்கோடியில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே, வெளிறிய சாம்பல் நிறத்தில் மட்டமான உச்சியுடன் மேடுகள் நிற்கின்றன. மழை அறுத்த ஓடைகள் அவற்றின் பக்கவாட்டில் விரல் கீறல் போலத் தெரிகின்றன. புல்கூட அரிது. சினிமாக்காரர்கள் பாலைவனக் காட்சி எடுக்க இங்கே வருவதில் ஆச்சரியமில்லை. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் சயனைடு மேடு.

அந்த மேடு உருவான விதம் எளிமையானது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பாறையை மாவாக இடிப்பார்கள். மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைசலுக்குள் போய்விடும். தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. ஊரில் தங்கியது ஏறக்குறைய 3.3 கோடி டன் மணல்.

சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். மாவாக இடிபட்ட பாறைத்தூசி சிதையாது. ஆடி மாதத்தில் காற்று மேட்டைத் தடவிக்கொண்டு வரும்போது, கொடியில் காயும் துணி, குடத்துத் தண்ணீர், சோற்றுத் தட்டு என்று எல்லாவற்றிலும் அது படிகிறது. சுரங்கத்துக்குள் இதே தூசியைச் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. மேலே இருப்பவர்களின் நுரையீரலுக்கும் அது நல்லதல்ல.

இந்த மணலை மேலே கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த தலித் குடும்பங்களே அதிகம். நிலமில்லாதவர்களுக்கு, 1876-78 பஞ்சத்தின் நினைவு மாறாத காலத்தில், பண்ணையாருக்குப் பதில் கம்பெனியிடம் வேலை என்பதே ஒரு விடுதலையாக இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. ஊரின் உயரத்தைக் கழித்துப் பார்த்தால், கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். கடலையே பார்த்திராத மனிதர்கள் அன்றாடம் கடலடியை விட ஆழத்தில் இறங்கி ஏறினார்கள். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதும் உண்டு.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் வந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூருக்கு 1905இல்தான் கிடைத்தது. வேறுவகை வெளிச்சமும் இங்கே இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை வைத்திருந்தது. அவருடைய எழுத்துகளைப் புத்தகமாகப் போட்ட சித்தார்த்த புத்தகசாலை இயங்கியது சாம்பியன் ரீஃபில்தான். பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் படித்த ஊர் இது.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் போனது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. லைன் வீடுகளில் குடும்பங்கள் இருந்துவிட்டன. விடிவதற்கு முன்பே ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவது அடுத்த தலைமுறையின் வாழ்க்கையாகிவிட்டது.

இப்போது மேட்டுக்கும் விலை வந்திருக்கிறது. மேட்டு மணலில் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் தங்கத்தின் விலை ஏறிவிட்டது. பாறையை வெட்ட வேண்டியதில்லை, இடிக்கவும் வேண்டியதில்லை. 1,000 ஏக்கருக்கு மேல் பரவியிருக்கும் 13 மேடுகளை மீண்டும் சலிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டை ஏலம் எடுக்கிறவருக்குத் தங்கம். அதைக் கிளறும்போது எழும் தூசி யாருக்கு என்பதைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

ஆறு என்று ஒரு மணல்

தங்கவயலை விட்டு வெளியேறிய கொஞ்ச நேரத்திலேயே பேத்தமங்கலம் ஏரி வருகிறது. சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிநீர் கொடுத்தது இந்த ஏரி. நந்தி மலையில் பிறந்து வரும் பாலாற்றில் அமைந்தது. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் புதிய விரைவுச் சாலை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. நாம் பழைய சாலையில் ஆந்திரத்துக்குள் நுழைந்து, வெங்கடகிரிகோட்டாவைத் தாண்டி, பத்தலப்பல்லி மலைப்பாதையில் பேரணாம்பட்டுக்கு இறங்குகிறோம். சில மணி நேரத்துக்குள் மூன்று மாநிலங்கள். சுங்கச்சாவடிப் பலகையில் மொழி மாறுகிறது. டீக்கடையில் அவ்வளவாக மாறுவதில்லை. மூன்று பக்கமும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் ஓடுகின்றன.

மலைப்பாதையில் குளிர் குறைந்து வெக்கை ஏறுவதை உடம்பு உணர்கிறது. தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் ஏறிய திசைக்கு எதிர்த்திசை இது. பேரணாம்பட்டில் தோல் வாடை, குடியாத்தத்தில் கைத்தறியும் தீப்பெட்டியும். வேலூரில் மீண்டும் பாலாறு. ஆறு என்பது பெயரளவில்தான். பாலத்தின் நீளத்தைப் பார்த்தால் பிரம்மாண்டமான ஆறு. கீழே பார்த்தால் மணல், சீமைக்கருவேலம், நடுவே வண்டித்தடம்.

பாலாறு கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடுகிறது. மேலே ஏரிகளிலும் தடுப்பணைகளிலும் தண்ணீர் நிற்கிறது. கீழே மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. 2021 நவம்பர் மழையில் கரை புரண்டு ஓடியபோதுதான் பாலாறு என்று ஒன்று இருப்பதையே இளைஞர்கள் பலர் முதல் தடவையாகக் கண்டார்கள்.

இந்த ஆற்றுக்காகக் கரையோரத்து மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும். கெட்டுப்போனதைச் சீர்செய்யும் செலவும் அவர்களுடையதே என்பது அதன் சாரம். பேத்தமங்கலத்து ஏரியும் இந்த மணலும் ஒரே ஆறு. தீர்ப்பின் நியாயம் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மட்டும்தானா, மேலே இருக்கும் சயனைடு மேட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வி காரோடு சேர்ந்தே வருகிறது.

ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் பாலாறு கடலைச் சேருகிறது. சேர்கிற இடத்தில் ஆற்று மணலும் கடல் மணலும் எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கலந்து கிடக்கின்றன. பெயருக்குரிய கோரமண்டல் கரை இதுதான்.

கரையோரமாக

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் சுலபம். மரக்காணத்தில் இருபுறமும் உப்பளம். புதுச்சேரியில் வார இறுதிக் கூட்டம். கடலூர், பரங்கிப்பேட்டையைக் கடந்தால் ஐரோப்பியர் ஒவ்வொருவராக இறங்கிய துறைமுகங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் வந்த தரங்கம்பாடியில் அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியது இங்கேதான். தமிழ் அச்சு வரலாற்றில் இந்தச் சிறிய ஊருக்குப் பெரிய இடம் உண்டு.

நாகப்பட்டினத்தில் எந்த மீனவக் கிராமத்தில் காரை நிறுத்தினாலும் 2004 டிசம்பர் 26 பற்றிய நினைவுச் சின்னம் ஒன்று கண்ணில் படும். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆய்வு செய்தவர்கள் கவனித்த ஒரு விஷயம் இந்தப் பயணத்துக்குப் பொருந்துகிறது: உயரமான மணல்மேடுகள் கலைக்கப்படாமல் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. வீடு கட்டவும் விடுதி கட்டவும் மேட்டைச் சமன்படுத்திய இடங்களில் கடல் நேராக உள்ளே வந்தது. தங்கவயலில் மனிதர்களை வதைக்கும் மணல், இங்கே மதில். மணல் எங்கே இருக்கிறது, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வேதாரண்யத்தில் மணலோடு உப்பு. அகத்தியம்பள்ளியில் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், தலையில் கூடையுடன் பெண்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார்கள். கரையில் கிடக்கும் உப்பை அள்ளக் கரையில் வாழ்கிறவனுக்கு உரிமை இல்லையா என்பதுதான் அன்று கேட்ட கேள்வி. உப்பு என்பதை எடுத்துவிட்டு மணல் என்று போட்டுப் பார்த்தால், கேள்வி பழையதாகவில்லை என்று புரியும்.

மூழ்கிய ஊரில் புதிய சாலை

தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம், அங்கிருந்து பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மீது காரை மெதுவாக ஓட்டினால், பக்கத்தில் 1914ஆம் ஆண்டுப் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் தெரிகின்றன.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அதன் பிறகு பல ஆண்டுகள் மணலில் ஓடும் வேன்களில்தான் போக முடிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு கார் நேராக நிலத்தின் நுனிக்கே போகிறது. ஒரு பக்கம் 'பெண்கடல்' அசையாமல் கிடக்க, மறுபக்கம் 'ஆண்கடல்' ஆடிக் காற்றில் கொந்தளிக்கிறது. காற்று மணலைச் சாலையின் குறுக்கே பாம்பு பாம்பாக ஊர வைக்கிறது. சர்ச்சின் சுவரும் ரயில் நிலையத்தின் சுவரும் பவளக் கல் தெரிய நிற்க, அவற்றின் நிழலில் சங்கு வளையல் கடைகள்.

இந்த மணலுக்கும் கூலி வரலாறு உண்டு. வட ஆற்காட்டு ஏழைகள் தங்கவயலுக்கு ஏறிய அதே காலத்தில், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரத்து ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்த பிறகு, தனுஷ்கோடியிலிருந்து கப்பல். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபரில், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பத் தீர்மானித்தது. அங்கே தேயிலை, இங்கே தங்கம். இரண்டையும் விளைவித்தவர்கள் கையில் கடைசியில் எது மிஞ்சியது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

சிவப்புப் பாலைவனம்

சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி வந்து, திருச்செந்தூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் காட்சி சட்டென்று மாறுகிறது. ரத்தச் சிவப்பு மணல். அலை அலையாக மேடுகள். குதிரைமொழித் தேரியின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான், சக்கரம் புதைந்துவிடும். மதியத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மேட்டின் முதுகில் மணலைச் சீவிக்கொண்டே இருக்கிறது. நிறத்துக்குக் காரணம் மணல் பரல்களைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு.

பார்வைக்குச் சயனைடு மேட்டின் அக்கா தங்கை. சினிமாக்காரர்கள் இங்கும் வருகிறார்கள். ஆனால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். தேரியில் உயிர் இருக்கிறது. பனை, கொல்லாமா, உடை, குடைவேல். வனத்துறையும் ஊர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக மரம் நட்டு, நகரும் மணலைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. பள்ளமான இடங்களில் மழைநீர் தேங்கும் 'தருவை'கள் உண்டு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையே இருக்கிறது; தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். காவல் தெய்வங்கள் மணலில் குடியிருக்கும் ஊரில் மணலுக்கு விலை பேசுவது சுலபமில்லை.

பேசிப் பார்த்தார்கள். தேரி மணலிலும் டைட்டானியம் தரும் இல்மனைட் உண்டு. 2007இல் டாடா ஸ்டீல் நிறுவனம் 2,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்குத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சாத்தான்குளம் வட்டாரத்தில் நிலம் வாங்கி, மணலைச் சலித்து, டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிப்பது நோக்கம். கிராமங்கள் எதிர்த்தன. பனையும் கிணறும் போன பிறகு வரும் வேலை எத்தனை நாளைக்கு என்று கேட்டன. திட்டம் நின்றுபோனது. கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட் எடுப்பதற்கும் 2013இல் தமிழக அரசு தடை போட்டது.

வேலை வந்திருந்தால் இந்தப் பக்கத்து இளைஞர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போக வேண்டியிருக்காது என்று சொல்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். மணலைத் தோண்டுவதற்கு முன்பு அவர்களால் வாதாட முடிந்தது. தங்கவயல்காரர்களுக்கு அந்த வாய்ப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை. சுரங்கம் திறந்ததும் அவர்களைக் கேட்டு அல்ல. மூடியதும் அவர்களைக் கேட்டு அல்ல. ஊருக்கு நடுவே மேடு எழுந்ததும் அப்படித்தான்.

மேட்டைச் சலிப்பது தவறு என்று சொல்ல முடியாது. தூசி கிளப்பும் குவியல் முறையாக அகற்றப்பட்டால் முதலில் மகிழ்வது தங்கவயல்தான். கேட்க வேண்டியவை இரண்டே. சலித்த பிறகு மிஞ்சும் மணல் எங்கே போகும்? கோடிக்கணக்கான டன்னில் தங்கம் போக மீதி முழுவதும் மீண்டும் மணலாகவே நிற்கும். அதை மூடி, மண் பரப்பி, செடி நட்டுப் பராமரிப்பது ஏலம் எடுத்தவரின் செலவா, ஊரின் தலைவிதியா? இரண்டாவது, வருகிற பணத்தில் அந்த மணலை முதுகில் சுமந்து ஏற்றியவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டுப் பட்டாவும் மருத்துவமும் வேலையும் உண்டா?

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சயனைடு மேடுகளின் மீது ஏற வேண்டாம். சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். தேரிக்கு விடிகாலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ போவது நல்லது. ஆடி, ஆவணியில் போனால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். மணலில் வேர் பிடித்த பனையிலிருந்து வருவது அது. மணலைத் தோண்டாமலே மணலிலிருந்து எடுக்கக்கூடிய பொருள்.